ரூஜ் ஆற்றின் வெளிவளைவில் ஒரு வீடு

நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டது. நிஷா என்று பெயர். இங்கே ரொறொன்ரோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. பொறியியல் படித்துவிட்டு நான் முன்பு செய்த அதே வேலைக்கு வந்திருக்கிறது. ஆற்றங்கரைகள் எங்கே அரிபடுகின்றன, எந்த வீடு கரை விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை.

"அங்கிள், எங்கட டீம் மீற்றிங்குக்கு ஒருக்கா வாங்கோ. அந்தக் காலத்தில எப்பிடி மெஷர் பண்ணினீங்கள் எண்டு ஹாஃப் அவர் கதைச்சாக் காணும். நாங்க இப்ப ட்ரோன்தான் விடுறம், யூ நோ."

"நாடாவும் முளைக்குச்சியும் ரெண்டு ஆணியும்தான் பிள்ளை. அதைச் சொல்ல அரை மணித்தியாலம் தேவையில்லை" என்றேன்.

சிரித்தது. நல்ல சிரிப்புத்தான். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. என் வயதில் கோபம் முதலில் வரும், காரணம் மெதுவாகப் பின்னால் வரும். கூட்டத்தில் நின்று பேசுவதற்கு நான் ஆளில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அளவை முறைகள் வரவில்லை. ஒரு வீடுதான் வந்து நிற்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றுகிற ஒரு வாய்க்காலை ஆறு என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு. அது சுண்ணாம்புக் கல்லுக்குள் அடக்கமாக, சொன்ன இடத்தில் இருக்கும். தண்ணீர் எழும்பி நடந்து போகும், போகிற வழியில் காணியையும் கூட்டிக்கொண்டு போகும் என்பது எங்கள் யோசனையிலேயே இல்லாத விஷயம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை கிடைத்து மலைநாட்டுக்குப் போனபோதுதான் நான் முதன்முதலாக ஒரு உண்மையான ஆற்றைக் கண்டேன். பயந்துபோனேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அங்கே சில வருடங்கள் தண்ணீர் மட்டம் பார்த்தேன். கலவரம் வந்தது, புறப்பட்டேன். ரொறொன்ரோவில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒரு கோடைகாலத்தில் ரூஜ் பள்ளத்தாக்கில் நடைபாதைக்குப் பற்றை வெட்டும் தற்காலிக வேலைக்குப் போனேன். அந்த வேலையில் என்னைப் பிடித்து அளவைப் பகுதிக்கு இழுத்துக்கொண்டவர் ஆர்வோ.

ஆர்வோ எஸ்தோனியாக்காரர். சிறு வயதில் யுத்தத்துக்குத் தப்பித் தாயோடு வள்ளத்தில் கடல் கடந்து வந்தவர். அதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் சாப்பாட்டு நேரத்தில், பாண் துண்டைக் கடித்துக்கொண்டு. உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு கரைக்குப் போனால் முதலில் கருவிகளை இறக்க விடமாட்டார். பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றிக்கொண்டு மரங்களைப் பார்ப்பார். கோப்பி முடியும்வரை அவரோடு கதைக்கக் கூடாது. சரிவில் நிற்கிற மரம் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், மண் நகர்ந்திருக்கிறது, மரம் சாயச் சாய வெளிச்சத்தைத் தேடி நிமிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லா மரமும் நேராக இருந்தால்தான் அவர் முகம் இளகும்.

அறிக்கை எழுதும் விஷயத்தில் அவரோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவரிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. "மோசமான அரிப்பு" என்று எழுதினால் "மோசமான" என்பதை வெட்டுவார். "வேகமாக" என்பதை வெட்டுவார். எவ்வளவு தூரம், போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு. அதுமட்டும் போதும். "பயப்படுவது வீட்டுக்காரரின் உரிமை. அதை நீ எழுதிக் கொடுக்காதே" என்பார்.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரூஜ் என்றால் பிரெஞ்சு மொழியில் சிவப்பு. கரைக் களியின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போகிற எங்கள் சனத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பக்கத்துத் தெருவோர ஓடைகளில் சில இந்த ஆற்றின் தலைகள் என்று? அதற்கும் வடக்கே, பனிப்பாறைகள் உருகிப் போகும்போது கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையுமான நீண்ட மேடு ஒன்று இருக்கிறது. மழையை எல்லாம் அந்த மேடு குடித்துவிட்டு ஊற்று ஊற்றாகக் கக்குகிறது. அங்கே ஆற்றை ஒரு எட்டில் தாண்டலாம். மார்க்கம் வயல்களுக்குள்ளால் வளைந்து வளைந்து வந்து, ஸ்காபரோவின் கிழக்கு மூலையில் திடீரென்று ஆழமான பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. சின்ன ரூஜ் வந்து சேர்கிறது. கடைசியில் சம்புப் புல் சதுப்புக்குள் படுத்து, ரயில் பாலத்துக்குக் கீழால் ஊர்ந்து, மணல் திட்டைச் சுற்றி ஒன்ராறியோ ஏரிக்குள் போகிறது. கீழ்க்காற்று பலமாக அடிக்கிற நாளில் ஏரி தண்ணீரைத் திருப்பித் தள்ளும். அன்றைக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதற்கே தெரியாமல் நிற்கும்.

சித்திரையில் பனிக்கட்டிகள் வெடி போட்ட மாதிரிச் சத்தத்தோடு உடைந்து ஒன்றில் ஒன்று ஏறிக்கொண்டு போகும். வைகாசியில் காட்டுக்குள் மூன்றிதழ் வெள்ளைப் பூக்கள் நிலம் தெரியாமல் பூத்துக் கிடக்கும். கோடையில் நீல நாரை ஒற்றைக் காலில் நின்று என்னை அலட்சியமாகப் பார்க்கும். செங்குத்தான மணல் கரைகளில் சின்னக் குருவிகள் துளை போட்டுக் குடும்பம் நடத்தும். இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து சமன் மீன்கள், ஒவ்வொன்றும் என் கை நீளம், முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய எதிர்த்து ஏறி வந்து முட்டையிட்டுச் சாகும். இதையெல்லாம் பார்ப்பதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று பல நாள் எனக்குள் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்த அழகுக்குக் கீழே உள்ள மண்ணைச் சொன்னால்தான் கதை விளங்கும். பள்ளத்தாக்கின் மேல்பகுதி மணல். அதற்குக் கீழே இறுகிய களி. பெய்கிற மழை மணலுக்குள்ளால் இறங்கும், களிக்குள் இறங்க முடியாமல் பக்கவாட்டில் நகரும், கரையின் இடுப்பில் ஊற்றாகக் கசியும். கோடையிலும் ஆறு குளிர்ந்து கிடப்பது இந்த ஊற்றுகளால்தான். மீன் வாழ்வதும் அதனால்தான். அதே தண்ணீர் கூடிவிட்டால் மேலே உள்ள மணல், எண்ணெய் பூசிய தட்டில் வைத்த சோறு மாதிரி வழுக்கும். ஆறு தன் பங்குக்கு ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கக் கரையின் காலைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே வெளிவளைவின் உச்சியில் வீடு வைத்திருப்பவருக்கு மேலிருந்தும் ஆபத்து, கீழிருந்தும் ஆபத்து.

எனக்கு ஒரு தங்கை. ராணி. அவள் புருஷன் தர்மலிங்கம், எனக்கு மச்சான். ஊரில் செம்மண் காணியில் வெங்காயமும் புகையிலையும் செய்த கமக்காரர். வீட்டையும் காணியையும் ஆமி முகாமுக்கென்று எடுத்துக்கொண்ட பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் இங்கே வந்தார்கள். மச்சான் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் அச்சு மெஷினுக்கு முன்னால் நின்றார். அந்த வேலையைப் பற்றி ஒரு நாளும் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குச் சாப்பிட வருவார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. ஆறு, நாரை, மீன், பூ என்று சோறு ஆறும்வரை கதைப்பேன். மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். மண் எப்படி, என்ன நிறம் என்று கேட்பார். அவ்வளவு கதைத்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

பனி கொட்டுகிற ஒரு மாரிகாலத்தில் ராணி போன் எடுத்தாள். குரல் துள்ளியது.

"அண்ணை, வீடு வாங்கிப் போட்டம். உங்களுக்குச் சொல்லாமல் செய்தது, கோவிக்காதேங்கோ. அவர்தான் உங்களுக்கு ஒரு சப்ரைஸ் குடுப்பம் எண்டவர். உங்கட ஆறு எங்கட வளவுக்குப் பின்னாலதான் ஓடுது!"

ரூஜ் பகுதியின் பழைய தெரு ஒன்றில், கரையிலிருந்து இவ்வளவு தள்ளித்தான் வீடு கட்டலாம் என்ற சட்டமெல்லாம் வருவதற்கு முன்னர் கட்டிய வீடு. நான் போனபோது சாவி கையில் வந்துவிட்டது, பால் காய்ச்சியாகிவிட்டது. ராணி என்னைக் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வளவு முடிகிற இடத்தில் சுமாக் பற்றையும் சீடர் மரங்களும். அவற்றுக்கு அப்பால் வெளி. கீழே ஆறு, பனிக்குள் கறுப்பாக, அகன்ற வளைவாக. நாங்கள் நின்றது வெளிவளைவில். சீடர் மரங்கள் எல்லாம் அடியில் முழங்கால் மடித்த மாதிரி வளைந்திருந்தன.

"எப்பிடி அண்ணை?" என்றாள்.

"வடிவாக் கிடக்கு" என்றேன். பொய்யில்லை. அந்த ஆற்றில் அதைவிட வடிவான இடம் எனக்குத் தெரியாது. பிறகு மச்சானைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "மச்சான், உந்தப் பற்றையில மட்டும் கை வைக்காதையும். உதின்ர வேர்தான் கரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"பற்றை வைச்சிருந்தாப் பாம்பு வரும்."

"இது அப்பிடிப் பாம்பு வாற இடமில்லை."

"அதுக்காகக் காணியைத் துப்பரவு செய்யாமல் விடுறதே? பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்று சிரித்தார்.

பனி கரைந்ததும் பற்றை போய்விட்டது. ஊரில் காணியின் எல்லை துப்பரவாக இருப்பது குடும்பத்தின் மானம். பற்றை மண்டிய வளவைச் சோம்பேறியின் வளவு என்பார்கள். அவர் தன் மானத்தைத்தான் காப்பாற்றினார். அந்த இடத்தில் பந்தல் போட்டார். பாகல், புடோல், கத்தரி, பச்சை மிளகாய். அந்தக் கோடையில் ஸ்காபரோவில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் மச்சானின் பாகற்காய் போகாத வீடு இல்லை. தொழிற்சாலையில் வாய் திறக்காத மனிதர் அந்தப் பந்தலுக்குக் கீழே நின்று பாடக் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர்தான் பிரச்சினை. எங்கள் ஊரில் கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும், சட்டி கழுவிய தண்ணீர் தேசி மரத்துக்குப் போகும். ஒரு சொட்டைச் சும்மா ஓட விடமாட்டோம். மச்சான் இங்கேயும் விடவில்லை. கூரைப் பீலியில் விழுகிற மழைத் தண்ணீரையும், நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் கக்குகிற தண்ணீரையும் குழாய் போட்டு ஒன்றாக்கி, வளவின் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிப் பந்தலடிக்குக் கொண்டு போயிருந்தார். கல் பதித்து, கிளை பிரித்து, பாத்திக்குப் பாத்தி மறித்துத் திறக்கிற மாதிரி. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்த என் கண்ணுக்கு அது நேர்த்தியான வேலை. அத்தனை தண்ணீரும் நேரே கரை விளிம்பில் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், மேல மணல், கீழ களி. நீர் விடுற தண்ணி முழுக்க நடுவில போய் நிக்கும். கரை வழுக்கும்" என்றேன்.

"செடிக்குத் தண்ணி விடாமல் கள்ளே விடுறது?"

"முன்பக்கத்தில தோட்டம் செய்யும். தண்ணியை றோட்டுப் பக்கம் திருப்பிவிடும்."

"நல்ல தண்ணியை றோட்டில விடச் சொல்லுறீர். உம்மட மூளையை உந்த ஆறு குடிச்சிட்டுது."

அந்தக் கோடை முழுவதும், போகிற ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். கடைசியில் ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "எங்கட ஆக்கள் ஒரு நல்ல வீட்டில இருந்தா உமக்குப் பிடிக்காது. அதுதான் விஷயம்" என்றார். ராணி குசினி வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டேன். இரண்டு ஞாயிறு அங்கே போகவில்லை. பிறகு பாகற்காய்ப் பையோடு அவரே வந்தார், நானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பங்குனியில் பனி இளகத் தொடங்கியதும் பந்தல் கால்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பழைய இலைகளைக் காலால் தள்ளினேன். விளிம்புக்குச் சமாந்தரமாக, வளவின் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. விரல் நுழையும். மச்சான் பக்கத்தில் நின்றார்.

"குளிருக்கு வெடிச்சது" என்றார்.

நான் இலைகளை இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"மச்சான்," குரலைத் தாழ்த்தினார், "நீர் காணாத மாதிரி இரும். இந்தக் கோடையோட எல்லாம் இறுகிவிடும். ஒபீசுக்குச் சொன்னீர் எண்டா அவங்கள் எங்களை எழுப்பிப் போடுவாங்கள். ராணிக்கு இன்னொருக்கா வீடு விட்டுப் போக ஏலாது."

"ராணி படுக்கிற அறை பின்பக்கம் மச்சான். எனக்குக் காணாமல் இருக்க ஏலாது."

மறுநாள் ஆர்வோவிடம் சொன்னேன். என் தங்கை வீடு, வேறு ஒருவரை அனுப்புங்கள் என்றேன். "நான் வருகிறேன். நீயும் வா. நான் சொல்வதை அவருடைய மொழியில் சொல்ல ஆள் வேண்டும்" என்றார்.

வந்தார். முற்றத்தில் நின்றே கோப்பியைக் குடித்தார். மரங்களைப் பார்த்தார். வெட்டிய பற்றையின் குற்றிகளைப் பார்த்தார். பிறகு வேலை தொடங்கினோம். வீட்டின் பின்சுவர் மூலைகளிலிருந்து விளிம்புவரை கயிறு கட்டி, கயிற்றோடு நாடா பிடித்து அளந்தோம். அளந்த இடத்திலெல்லாம் முளைக்குச்சி அடித்தோம். வெடிப்பின் இந்தப் பக்கம் ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை இறுக்கி, இரண்டின் தலையிலும் ஆணி அடித்து, ஆணிக்கும் ஆணிக்கும் இடையே உருக்கு நாடாவால் எடுத்தோம். இனி வெடிப்பு அகன்றால் அந்த இரண்டு ஆணிகளும் சொல்லிவிடும். கடைசியாகக் கைத்துளைப்பானை இறக்கி மண் எடுத்தோம். முதலில் ஈர மணல். பிறகு பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற மணல். அதற்குக் கீழே செஞ்சாம்பல் நிறக் களி, ஈரத்தில் பளபளவென்று.

ஆர்வோ அந்தக் களியையும் மணலையும் ஒன்றாகப் பிய்த்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். மச்சான் பெருவிரலால் மணலைத் தள்ளினார். அது களியின் மேல் சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். மண்ணோடு பிறந்து வளர்ந்த மனிதர். நான் ஒரு கோடை முழுக்கக் கத்தியது அவருக்கு அந்த ஒரு நொடியில் விளங்கியதை முகத்தில் கண்டேன்.

"இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள்" என்றார் ஆர்வோ. கேட்டேன். மச்சான் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பீலியைக் காட்டினார், குழாயைக் காட்டினார், மறித்துத் திறக்கிற இடங்களைக் காட்டினார். காட்டும்போது பழைய பெருமை கொஞ்சம் திரும்பி வந்தது. ஆர்வோ முழங்காலிட்டுக் கற்களைத் தடவிப் பார்த்தார்.

"நன்றாகக் கட்டியிருக்கிறார் என்று சொல்."

சொன்னேன். மச்சான் தலையை ஆட்டினார்.

"இன்றைக்கே மூட வேண்டும் என்று சொல்."

மச்சான் மறுபேச்சுப் பேசாமல் மண்வெட்டியை எடுத்து வந்து தன் கையாலேயே வாய்க்காலை மூடினார். திரும்பி வரும்போது காருக்குள் வெடித்தேன்: "நான் எத்தனை தரம் சொன்னேன்! வெள்ளைக்காரர் ஒரு வசனம் சொன்னதும் மூடுகிறார்."

"நான் சொன்னதற்காக மூடவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்தபடியால் மூடினார்" என்றார் ஆர்வோ.

அறிக்கையை நான்தான் எழுதினேன். "உடனடி ஆபத்து" என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்தார். "உன் தங்கை என்பதற்காக இதில் ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று சொல்லி வெட்டினார். எண்களை மட்டும் எழுதினேன். எண்களே போதுமாக இருந்தன. அடுத்தடுத்துப் போய் எடுத்த அளவுகளில் ஆணிகள் விலகிக்கொண்டே போயின. வீட்டை விட்டு விலகும்படி கடிதம் வந்தது.

ராணியும் மச்சானும் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்தார்கள். எங்கள் படுக்கையறையைக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் ஹோலில் படுத்தோம். என் மனைவி ராணியோடு சமைத்தாள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விருந்தாளி வந்த வீடு மாதிரித்தான் இருந்திருக்கும். மச்சான் தினமும் விடிய எழும்பிக் காரை எடுத்துக்கொண்டு போவார். கரையைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகுமுன் திரும்பி வருவார். சப்பாத்தைக் கழற்றுகிறபோதே, என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்வார்.

"நிக்குது."

அதில் ஒரு வெற்றி இருக்கும். எனக்கும் அந்தச் சொல் வேண்டியிருந்தது என்பதை அவர் நம்பியிருக்கமாட்டார். இரவு மழை இரைகிறபோது நான் படுக்கையில் கிடந்து, என் அளவு பிழைத்துப்போக வேண்டும், நான் படித்த படிப்பும் பார்த்த மரமும் எல்லாம் பொய்யாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். காலையில் கதவு திறக்கும். "நிக்குது." இருவரும் தேத்தண்ணி குடிப்போம். சில கிழமைகள் இப்படிப் போயின. கிழமை கூடக்கூட அவர் குரல் பலத்தது. ராணி திரைச்சீலைக்குத் துணி பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு நாள், மழை விட்ட மறுநாள், கதவு திறந்தது. மச்சான் சப்பாத்தைக் கழற்றினார். இரண்டையும் ஒழுங்காகச் சுவரோடு வைத்தார். ஒன்றும் சொல்லாமல் வந்து கதிரையில் இருந்தார். ராணி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பை நிறுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் போய்ப் பார்த்தேன். ஆர்வோ எனக்கு முன்பே வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறை வடிவில் கரை போயிருந்தது. பந்தலும் பாத்திகளும் வாய்க்காலின் பாதியும் போயிருந்தன. இரண்டு சீடர் மரங்கள் நின்ற நிலையிலேயே வழுக்கிப் போய் ஆற்றோரத்தில் நிமிர்ந்து நின்றன. பின்சுவரின் ஒரு மூலைக்குக் கீழே அத்திவாரம் வெளியே தெரிந்தது. ராணியின் படுக்கையறை அந்த மூலையில்தான். கீழே ஆறு கலங்கிச் சிவந்து, விழுந்த மண்ணைச் சுற்றிப் புதிதாக ஒரு வழி பார்த்துக்கொண்டு ஓடியது. அதற்கு அன்றும் ஒரு சாதாரண நாள்.

"வாய்க்கால் இல்லாவிட்டாலும் போயிருக்கும்" என்றார் ஆர்வோ. "சில வருடங்கள் பிந்தியிருக்கும். இந்தத் தெரு வருவதற்கு முதலே ஆறு இந்தப் பக்கம் வரத் தொடங்கிவிட்டது. அதை அவரிடம் சொல்."

சொன்னேன். பல முறை சொன்னேன். "ஆறுதலுக்குச் சொல்லாதேங்கோ" என்றார் மச்சான். அதுவரை என்னை "நீர்" என்று உரிமையோடு கூப்பிட்டவர் அன்றிலிருந்து "நீங்கள்" என்று மரியாதை கொடுக்கத் தொடங்கினார். அந்த மரியாதையைக் கடைசிவரை திருப்பி எடுக்கவேயில்லை.

அந்தக் காணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டு வீட்டை இடித்தது. இடிக்கிற அன்று அலுவலகம் சார்பாக நான் நிற்க வேண்டியிருந்தது. மச்சான் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றார். மெஷின் கூரையில் கை வைத்தபோது என்னிடம் வந்தார். "அங்க ஆமி எடுத்தான். இங்க நீங்கள் எடுத்தியள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் ஸ்காபரோவில் உயரமான ஒரு கட்டடத்தில் வாடகைக்குப் போனார்கள். வெயில் விழுகிற நல்ல பல்கனி. அதில் ஒரு மிளகாய்க் கன்றுகூட அவர் வைக்கவில்லை.

ஆர்வோ இளைப்பாறிய அன்று எனக்கு அந்தச் சிவப்புப் பென்சிலைத் தந்தார். நான் அதை ஒரு நாளும் பாவிக்கவில்லை. நான் எழுதிய அறிக்கைகளில் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அளந்த கரைகள் ஏராளம். எங்கள் ஆட்கள் வீடு பார்க்கிறபோது என்னைக் கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்துச் சொல்வேன். நல்ல பெயர் இருந்தது. இன்றைக்கு அந்த வெடிப்பு மறுபடி வந்தாலும் மறுநாளே அலுவலகத்தில் சொல்வேன். அந்த மூலை அறையில் படுத்திருந்தவள் என் தங்கை. ஆனால் சரியாக நடந்துகொண்டவனுக்கு நிம்மதி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மச்சான் போய்ச் சேர்ந்து இப்போது சில வருடங்கள் ஆகிவிட்டன. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த பிறகு ராணியின் வீட்டில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். எனக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. "அவரை இன்னும் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லி விளங்கப்படுத்தியிருக்கலாம்" என்று தொடங்கினேன்.

"அதை விடுங்கோ அண்ணை" என்றாள். பிறகு கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்கட வீட்டில இருந்த நேரம், விடியக் காரை எடுக்கிறதுக்கு முதல், ஒவ்வொரு நாளும் அவர் என்னட்டை ஒண்டு கேக்கிறவர். 'உன்ர அண்ணை அளந்து சொன்னது எப்பவாவது பிழையாப் போயிருக்கோ?' எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒரு நாளும் இல்லை எண்டு சொன்னனான். ஒவ்வொரு நாளும் அதையேதான் சொன்னனான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பெருமையாச் சொன்னனான், அண்ணை."

சொல்லிவிட்டு, நான் குடித்து முடித்தேனா என்று பார்க்காமலே கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.